உப்புச் சாக்கில் ஒளித்த நகை

மரக்காணம்,
வைகாசி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் சூர்யகலாவுக்கு அம்மா சரஸ்வதி எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அந்த ஊர் வெயிலில் வாடாமல் சுகமாக இருக்க வேண்டும் என்று பூமீஸ்வரரை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே எங்கள் இரண்டு பேருக்கும் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை. அப்பாவின் காலில் உப்புத்தண்ணீர் வெடிப்பு வழக்கம் போல இருக்கிறது, களிம்பு வாங்கி வைத்தால் அதைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போகிறார். தினமும் போனில் பேசுகிறோமே, இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் நீ நடுவில் கேள்வி கேட்பாய், நான் அழுவேன், பாப்பா போனைப் பிடுங்கிக்கொள்ளும், விஷயம் பாதியில் நிற்கும். அதோடு நகை நட்டு பற்றிப் போனில் பேசாதீர்கள் என்று போலீஸே சொல்லியிருக்கிறது. மரியதாஸ் மகள் சகாயசெல்வி லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை மஸ்கட் திரும்புகிறாள், அவள் கையில் கருவாடும் வடகமும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மீதியை நிதானமாகப் படிப்பாய். உன் நகை பத்திரமாக இருக்கிறது. நகை போகவில்லை. அஞ்சம்மாதான் போய்விட்டாள் போலிருக்கிறது. ஐயோ, உயிரோடுதான் இருக்கிறாள், பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள், நமக்கு இல்லாமல் போய்விட்டாளோ என்றுதான் சொல்ல வந்தேன். எழுதும்போதே எனக்கு எல்லாம் குழம்புகிறது பார்.

பங்குனி கடைசியில் பிரம்மதேசம் போகிற வழியில் ஒரு வீட்டில் பட்டப்பகலில் பின்கதவை நெம்பித் திறந்து பீரோவைக் காலி செய்துவிட்டார்கள். வீட்டுக்காரர்கள் எல்லோரும் வயலில் இருந்திருக்கிறார்கள். அடுத்த வாரமே இன்னொரு வீடு. நம் தெருவிலும் எல்லோரும் விடிவதற்கு முன்னால் உப்பளத்துக்குப் போனால் பதினோரு மணிக்குத்தான் திரும்புகிறோம், திருடனுக்கு இதைவிட வசதி எங்கே கிடைக்கும். அதனால் ஸ்டேஷனிலிருந்து ஒரு எஸ்.ஐ. அம்மா வந்து கோயில் வாசலில் கூட்டம் போட்டுப் பேசினாள். சின்னப் பெண், உன் வயதுதான் இருக்கும், நன்றாகப் பேசினாள். சாவியை நிலைப்படி மேலேயும் பூந்தொட்டிக்கு அடியிலும் வைக்காதீர்கள், அக்கம்பக்கத்திலும் கொடுக்காதீர்கள், திருப்பதி போனால் போகிறேன் என்று வாட்ஸ்அப்பில் போடாதீர்கள், நகையைப் பேங்க் லாக்கரில் வையுங்கள், திருடன் முதலில் தேடுவதே அரிசி டிரம்மும் பருப்பு டப்பாவும் மெத்தைக்கு அடியும்தான், வைத்த இடத்தை யாருக்கும் சொல்லாதீர்கள் என்றாள். நம் வீட்டில் எடுக்கிறதுக்கு என்ன இருக்கிறது என்று அப்பா பக்கத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நீ விமானம் ஏறும்போது என் கையில் கொடுத்த ஆரம், இரண்டு வளையல், ஜிமிக்கி, பாப்பாவின் மோதிரம் எல்லாம் நம் அரிசி டிரம்மில்தான் இருந்தது.

லாக்கர் கேட்டுப் பேங்குக்குப் போனேன், இப்போது காலி இல்லை, பெயர் எழுதி வைத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். பூட்டாவது நல்ல பூட்டாகப் போடுவோம் என்று அப்பா பெரிய பூட்டு ஒன்று வாங்கி வந்தார். நம் ஊர்க் காற்றுதான் உனக்குத் தெரியுமே, மூன்றே வாரத்தில் துருப்பிடித்து இறுகி, சாவி உள்ளே போனது திரும்பவில்லை. அப்பா கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்து நம் வீட்டுப் பூட்டை அவரே உடைத்தார். மாப்பிள்ளை மாட்டிவிட்டுப் போன கேமரா அவர் போனுக்குக் காட்டிவிட்டது. அத்தை, யாரோ பூட்டை உடைக்கிறாங்க, உடனே ஓடுங்க என்று பதறிப்போய்ப் பேசினார் பாவம். மாமாதான் என்று சொல்லிச் சிரித்தோம். சிரித்தேனே தவிர, பூட்டின் மேல் இருந்த நம்பிக்கை எனக்கு அன்றோடு போய்விட்டது.

அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது, வேலை செய்யாமலே இருந்திருக்கலாம். மரக்காணத்தில் எவன் வந்து உப்பைத் திருடுவான்? ரோட்டோரம் முழுக்க அம்பாரம் அம்பாரமாகக் கொட்டிக் கிடக்கிறது, நாய்கூட முகர்ந்து பார்ப்பதில்லை. சமையல் கட்டு மூலையில் அப்பா ஒரு சாக்கு உப்பு கட்டி வைத்திருந்தார், இந்த வருஷம் முதலில் வாரியது, மல்லிகைப்பூ மாதிரி வெள்ளை. நகையை மஞ்சள் துணியில் முடிந்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, முழங்கை வரை கையை விட்டு அந்தச் சாக்குக்குள் புதைத்தேன். யாருக்கும் சொல்லாதீர்கள் என்று எஸ்.ஐ. அம்மா சொன்னாளே, அப்பாவும் யாரோ ஒருவர்தானே என்று அவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டீக்கடை வரைக்கும் போய்விடும் என்கிற பயமும்தான்.

பத்து நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மனசு கேட்காமல் சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தேன். உப்புதான் இருந்தது. இன்னும் ஆழமாக விட்டேன், சாக்கைச் சாய்த்துப் போட்டு அடி வரை துழாவினேன். எதுவும் இல்லை. பூட்டு பூட்டியபடி இருக்கிறது, பீரோ அப்படியே இருக்கிறது, சாக்கு வைத்த இடத்தில் இருக்கிறது, உப்பு குறையக்கூட இல்லை. முடிச்சு மட்டும் காணோம். வெளியிலிருந்து வந்த திருடன் என்றால் வீட்டைக் கலைத்துப் போட்டிருப்பான். இது எங்கே இருக்கிறது என்று தெரிந்து எடுத்த கை. நம் வீட்டுச் சாவி யார் கையில் இருக்கிறது என்று யோசித்தேன். நான் யோசித்தது தப்பு என்று இப்போது சுலபமாக எழுதிவிடுகிறேன், அன்றைக்கு வேறு எதுவுமே தோன்றவில்லை கலா.

நாங்கள் அளத்துக்குப் போகும்போது இருபத்தாறு வருஷமாகச் சாவி அஞ்சம்மாவிடம்தான். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் வீட்டில்தான் சோறு தின்பாய். இருந்தாலும் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, காரணம் சொல்லாமல், இந்தப் பத்து நாளில் கேமராவில் யார் யார் தெரிகிறார்கள், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, வெளியாள் யாரும் வரல அத்தை, செவ்வாய்க்கிழமை மாமா உப்புச் சாக்கு தூக்கிட்டுப் போறார், அப்புறம் ஒண்ணு தூக்கிட்டு வர்றார், புதன்கிழமை பத்து மணிக்கு அஞ்சம்மா கதவைத் திறந்துட்டு உள்ள போய்ட்டுப் பத்து நிமிஷத்துல கையில பையோட வெளிய வர்றாங்க, அவ்ளோதான் என்றார். உப்பளத்துக்காரன் உப்புச் சாக்கு தூக்கினால் அதில் என்ன செய்தி இருக்கிறது? அது என் காதிலேயே விழவில்லை. பை என்றதுதான் விழுந்தது. அன்றைக்கு ஒரு தூறல் போட்டது, காய வைத்த வடகத்தை எடுத்து உள்ளே வைத்தேன் என்று அஞ்சம்மா அன்றே சொல்லியிருந்தாள். ஒரு முறம் வடகத்துக்குப் பத்து நிமிஷமா என்று இப்போது கணக்குப் போட்டேன். உள்ளே போகும்போதும் அவள் கையில் அதே ரேஷன் பைதான் இருந்தது என்று மாப்பிள்ளை பிறகு சொன்னார். அதைக் கேட்க எனக்கு முதலிலேயே தோன்றவில்லை.

மறுநாள் போய், போலீஸ் யாரிடமும் சாவி கொடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது என்று இழுத்தேன். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை என் கையில் வைத்தாள். வடகம் நன்றாகக் காய்ந்ததா என்று மட்டும் கேட்டாள், எப்படிப் பேச்சை மாற்றுகிறாள் பார் என்று நான் நினைத்துக்கொண்டு வந்தேன். அதோடு வாயை மூடியிருந்தால்கூட இவ்வளவு ஆகியிருக்காது. ரேஷன் கடை வரிசையில் வார்டு மெம்பர் லட்சுமியம்மாள் பக்கத்தில் நின்றாள், உன்னை நம்பிச் சொல்கிறேன் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பேச்சு. அப்பா காதுக்கு மட்டும் வரவில்லை, அவரிடம் சொல்ல எல்லோருக்கும் பயம்.

இதற்கு நடுவில் அஞ்சம்மாவின் புது வீட்டுப் புதுமனை புகுவிழா. அரசாங்கம் கொடுத்ததோடு அவள் மகன் புருஷோத்தமன் பாண்டிச்சேரி கம்பெனியில் சம்பாதித்ததும் சேர்ந்து எழும்பிய வீடு. போகாமல் இருந்தால் பேச்சு பெரிதாகும் என்று போனேன். போய் என்ன செய்தேன் தெரியுமா, அவள் கழுத்தையும் காதையும் பார்த்துக்கொண்டே நின்றேன். தரையில் போட்ட டைல்ஸைப் பார்த்து இது எந்தக் காசு என்று யோசித்தேன். அவள் எனக்கு இலை போட்டுப் பாயசம் ஊற்றினாள், அதையும் குடித்தேன். எனக்கே என்னை நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது, உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே பெருமையாகச் சொன்னார், அஞ்சம்மா வீட்டுக்குள் முதலில் போனது நம் அளத்து உப்புதானாம். புது வீட்டுக்கு உப்பும் மஞ்சளும்தான் முதலில் போக வேண்டும், உங்கள் பாத்தி உப்புதான் வேண்டும் என்று தையிலேயே அவள் கேட்டு வைத்திருந்தாளாம். எந்த உப்பு என்று கேட்டேன். "அதான் மூலையில வெச்சிருந்தேனே, மொத மொத வாரினது. போன வாரம் செவ்வாக்கெழமையே சாக்கோட குடுத்துட்டு, அளத்துலேர்ந்து வேற ஒண்ணு கொண்டாந்து வெச்சிட்டேன்" என்றார். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்ன ஆச்சு என்று பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார், பத்திரமா வைக்கச் சொன்னா நகையைக் கருவாடு போட்டு வச்சிருக்கியே என்றார். பிறகு சாவியை நான் திருப்பி வாங்கியதையும் ரேஷன் கடையில் பேசியதையும் கேட்டார். அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை.

இப்போது என் நிலைமையைப் பார். நகை அஞ்சம்மா வீட்டில்தான் இருக்கிறது, ஆனால் அவள் எடுக்கவில்லை. அவள் எடுக்கவில்லை, ஆனால் அவளுக்கே தெரியாமல் அவள் சமையல் கட்டில் இருக்கிறது. அங்கே இருக்கிறது என்று நான் போய்ச் சொன்னால் தெருவில் பேசியது உண்மை என்று ஆகுமா பொய் என்று ஆகுமா? உப்பைத் திருப்பிக் கொடு என்று கேட்கவும் முடியாது, புகுவிழாவுக்குப் போன உப்பு ஒரு மண்டலம் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது, கேட்கிற வாயே விளங்காது. மூன்று நாள் இதையே போட்டு மனசில் உழப்பினேன். அப்பா நேராகப் போய்ச் சொல்லி மன்னிப்புக் கேள் என்றார். நான் கேட்டேனா? சத்தம் இல்லாமல் எடுத்துவிட்டால் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாதே என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை பாத்திரம் கழுவிக் கொடுக்கிறேன் என்று போனேன். அஞ்சம்மா கொல்லையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். சமையல் கட்டு மூலையில் நம் சாக்கு இருந்தது, அப்பா கட்டிய அதே நீலக் கயிறு. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றை அவிழ்த்துக் கையை விட்டேன். தோள் வரைக்கும் உப்புக்குள் இருக்கிறது என் கை, திரும்பிப் பார்த்தால் வாசற்படியில் அஞ்சம்மா நிற்கிறாள். திருடன் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எஸ்.ஐ. அம்மா சொல்லிக் கொடுத்தாள், திருடியாகப் பிடிபட்டால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. கையை எடுக்கவும் தெரியாமல் அப்படியே குனிந்தபடி நின்றேன்.

"அது அங்க இல்ல. பீரோல வெச்சிருக்கேன்" என்றாள்.

ஜாடி நிரப்ப அள்ளும்போது சனிக்கிழமையே கிடைத்திருக்கிறது. முடிச்சைப் பிரித்ததும் உன் ஜிமிக்கி என்று தெரிந்துவிட்டதாம், உன் கல்யாணத்தன்று அவள்தானே உனக்கு மாட்டிவிட்டாள். தெருவில் என்ன பேசுகிறார்கள் என்பது அதற்கு முன்பே அவள் காதுக்கு வந்திருக்கிறது. தன் மேல் பழி போட யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டார்கள், போலீஸ் வந்து தன் வீட்டில் எடுத்தால் தன் மகன் வேலை என்ன ஆகும் என்று இரண்டு நாளாக அடுப்பு பற்ற வைக்கவில்லையாம். நேராக ஸ்டேஷனில் கொடுத்துவிடலாம் என்று புருஷோத்தமன் சொல்லியிருக்கிறான், அக்கா வருதா பார்க்கலாம் என்று இவள்தான் நிறுத்தியிருக்கிறாள். நான் வந்தேன். எப்படி வந்தேன் என்றுதான் பார்த்தாளே. நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், அரிசி டிரம், பூட்டு, அப்பா சாக்கு மாற்றியது, கேமரா எல்லாம் முன்னும் பின்னுமாகச் சொன்னேன், எனக்கே புரியாத மாதிரி சொன்னேன். அவளுக்குப் புரிந்தது. தலையை ஆட்டிக் கேட்டாள். பிறகு என்னை உட்காரச் சொல்லிவிட்டு வெளியே போய் லட்சுமியம்மாளை அழைத்துக்கொண்டு வந்தாள். பீரோவைத் திறந்து முடிச்சை எடுத்துப் புது டைல்ஸ் மேல் விரித்தாள்.

"எண்ணிப் பாருங்க" என்றாள்.

நான் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து அவள் என்னை வாக்கா, போக்கா, உனக்கு அறிவிருக்கா என்றுதான் பேசியிருக்கிறாள். அக்கா என்பாள், ஆனால் ஒரு நாளும் ‘ங்க’ போட்டதில்லை. இப்போது போடுகிறாள். வேண்டாம் அஞ்சம்மா, எனக்குத் தெரியாதா என்று முடிச்சைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். அவள் காலிலே விழுந்திருக்கலாம். எனக்கு என்ன ஆனது என்று இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை கண்ணு, நான் எண்ணினேன். ஆரம், வளையல் இரண்டு, ஜிமிக்கி ஜோடி, மோதிரம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன். ஜிமிக்கியின் திருகாணி இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். சரியாக இருக்கிறது என்று என் வாயால் சொன்னேன். அவள் லட்சுமியம்மாளைப் பார்த்து, கேட்டுக்கிட்டீங்களா என்றாள். அவ்வளவுதான்.

லட்சுமியம்மாள் வீடு வீடாகப் போய் அஞ்சம்மா மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லிவிட்டாள், நானும் ரேஷன் கடையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன், தெரு ஒரு நாள் சிரித்துவிட்டு மறந்துவிட்டது. மறுநாள் சாவியை எடுத்துக்கொண்டு போனேன், வேணாங்க, போலீஸ் சொன்னது சரிதாங்க என்றாள். முகத்தில் கோபம் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, கோபம் இருந்தால் ஒரு நாள் தீரும். உப்பை மட்டும் இன்னும் திருப்பி அனுப்பவில்லை. சாங்கியத்துக்காக வைத்திருக்கிறாளா, நமக்காக வைத்திருக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மண்டலம் முடிய இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது, அது வரைக்கும் நான் தெருவில் அவள் வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது நான் அளத்துக்குப் போவதில்லை, வீட்டுக்கு நானே காவல். அப்பா தனியாகப் போய் வாருகிறார், முதுகு வலி என்கிறார். லாக்கர் வந்துவிட்டது, நகையை வைத்துவிட்டேன், சாவி என்னிடம். புதுப் பூட்டுக்கு வாரம் ஒரு தரம் தேங்காய் எண்ணெய் விடுகிறேன். எல்லாம் எஸ்.ஐ. அம்மா சொன்னபடிதான் நடக்கிறது.

மாப்பிள்ளையிடம் இதைப் பக்குவமாகச் சொல், அவர் கேமராவைக் குறை சொல்லவில்லை என்றும் சொல். நீ என்மேல் கோபப்பட்டால் படு. பாப்பாவை வெயிலில் விடாதே, வேளைக்குச் சாப்பிடு. உங்கள் மூன்று பேருக்கும் பூமீஸ்வரர் துணை இருப்பார், நோய் நொடி இல்லாமல் நல்லபடியாக இருங்கள். ஒன்றே ஒன்று மறக்காமல் செய். வரும் வெள்ளிக்கிழமை அஞ்சம்மாவுக்குப் போன் போட்டு, வீடு கட்டியதைப் பற்றி மட்டும் விசாரி, இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. எப்போதும் போல ‘இன்னாடி கலா, எப்டி இருக்குற’ என்று அவள் கேட்டால் உடனே எனக்குச் சொல். வேறு மாதிரிக் கேட்டால் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ப. சரஸ்வதி.